உதயசங்கரும் அல்மோராக் கலைக்கூடமும்

ஆண்டு விழா நெருங்குங்கால் நம் வீடுகளில் உண்டாகும் பரபரப்பை நாம் நன்கு அறிவோம். ஒரு வீட்டில் சலங்கை ஒலிக்கும். மற்றொரு வீட்டுக் கூடத்தில் நாடக ஒத்திகை நடைபெறும். அரங்கை வாடகைக்குப் பேசி முடிக்க ஒருவர் ஓடுவார். விளக்கும் ஒலிபெருக்கியும் ஒருவர் பொறுப்பு. நன்கொடைப் புத்தகத்தைக் கையிலேந்தி வீடு வீடாகப் படியேறுவார் இன்னொருவர். ஆடுகின்ற குழந்தைக்கு ஆசிரியர் இருக்கிறார். பாடுகின்ற அம்மையாருக்குக் குரு இருக்கிறார். இத்தனையையும் ஒன்று சேர்த்து, குறித்த நேரத்தில் திரையை உயர்த்துகின்ற செயலாளருக்கு அவ்வித்தையைக் கற்பித்தவர் யார்? ஒருவருமில்லை. இடறி விழுந்தும் எழுந்துமே அவர் கற்றுக் கொள்கிறார். கற்று முடிக்கும் வேளையில் அலுவலகத்திலிருந்து மாற்றல் உத்தரவு வந்துவிடுகிறது. அடுத்து வருபவர் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறார்.

சிறு சங்கங்களுக்கு மட்டும் உரிய குறையன்று இது. பெரிய கலைக்குழுக்களுக்கும் உண்டு. கச்சேரிக்குப் பொருள் தருவோர் உளர்; நாட்டியத்துக்குச் சீட்டு வாங்குவோர் உளர். ஒரு குழுவைத் தலைமை தாங்கி நடத்தக்கூடியவர்களை ஆக்குவதற்கென்று பணப்பையை அவிழ்ப்பவர் மிக அரியர். நம் நாட்டில் சென்ற நூற்றாண்டில் ஒருவருக்கு அத்தகைய பொருளுதவி கிடைத்தது. கிடைத்ததும் சில ஆண்டுகளுக்குத்தான். அவர் நடனக் கலைஞர் உதயசங்கர். அவருடைய ஆடற்புகழ் உலகறிந்தது. ஆதலின் அதனைச் சுருங்கக் கூறி, இமயச் சாரலில் அவர் அமைத்த கலைக்கூடத்தையும், அதற்குப் பொருள் வந்த வழியையும், அதன் பின்விளைவையும் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

உதயசங்கர் 1900-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 8-ஆம் நாள் இராசபுதனத்து உதயப்பூரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவர் பெயரிலும் அமைந்தது. குடும்பம் வங்கத்து ஜெஸ்ஸூர்ப் பகுதியைச் சார்ந்தது. தந்தையார் சியாம் சங்கர் சௌத்ரி வடமொழியிலும் சட்டத்திலும் வல்லவர். ஜாலாவார் அரசின் பணியில் இருந்தவர். வங்க மொழி பேசும் குடும்பம் இராசபுதனத்தில் வாழ்ந்து, தாயாரின் ஊராகிய காசிப்பூர்ப் பக்கத்துச் சிற்றூருக்குப் போய் வந்து கொண்டிருந்தது. பிறந்த மண் ஒன்று, பிழைக்கும் மண் ஒன்று என வாழும் நமக்கு இவ்வாழ்க்கை புதிதாகத் தோன்றாது. அச்சிற்றூரின் உழைக்கும் மக்கள் ஆடிய ஆட்டங்களே சிறுவனின் கண்ணில் முதலிற் பதிந்த நடனங்கள். எந்த நட்டுவனாரிடமும் அவர் முறையாகப் பயின்றதில்லை. ஓவியம் பயிலவே பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளியில் சேர்ந்தார், 1920-ல் இலண்டன் சென்று இராயல் கலைக் கல்லூரியில் சேர்ந்து, ஓவிய மேதை ரோதன்ஸ்டைனின் அன்புக்குரிய மாணவரானார்.

இலண்டனில் தந்தையார் நடத்திய கலை நிகழ்ச்சிகளில் ஆடியபோது பலர் கண்ணிற் பட்டார். அதன் பயனாக, 1923-ல் உருசிய நடன அரசி அன்னா பாவ்லோவாவின் அறிமுகம் கிட்டியது. இந்தியக் கருத்துகளைக் கொண்ட நடனங்களை ஆட விரும்பிய அவ்வம்மையாருக்காக, இராதை–கண்ணன் நடனத்தையும் இந்துத் திருமணக் காட்சியையும் உதயசங்கர் அமைத்துக் கொடுத்தார். தாமும் கண்ணனாக உடன் ஆடினார். அமெரிக்கா முழுவதும் அக்குழுவோடு சுற்றினார். அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதுவோர் இவ்விடத்தில் பாவ்லோவாவின் ஆடல் அழகையே வியந்து பேசுவர். நாமோ வேறொன்றைக் கருதுகிறோம். நூற்றுக்கணக்கான பெட்டிகளோடு, ஊருக்கு ஊர் இரயிலேறி, ஒவ்வோர் இரவும் புதிய மேடையில் தவறாமல் திரை உயர்த்தும் பெருங்குழு ஒன்றை உள்ளிருந்து கண்ட முதல் இந்திய நடனக் கலைஞர் இவராகவே இருத்தல் கூடும். அது எந்தப் பள்ளியிலும் கிடையாத பாடம்.

பாவ்லோவாவைப் பிரிந்த பின் பாரிஸ் நகரில் வறுமையோடு போராடினார். சிறு விடுதிகளிலும் ஆடினார். சிம்கி என்னும் பெயர் பூண்ட பிரெஞ்சு நங்கை அவரிடம் பயின்று உடன் ஆடலானாள். இக்காலத்தில்தான் சுவிட்சர்லாந்து நாட்டுச் சிற்பி ஆலிஸ் போனர் அவர் வாழ்வில் வந்தார். 1930-ல் இருவரும் இந்தியா முழுவதும் பயணம் செய்தனர். கோயில்களையும் குகைச் சிற்பங்களையும் கண்டனர். இசைக் கருவிகளையும் ஆடைகளையும் அணிகளையும் திரட்டினர். தம்பியர் இராசேந்திரர், தேவேந்திரர், பத்து வயது இரவி, சிற்றப்பா, உறவுப் பெண் எனக் குடும்பமே குழுவாயிற்று. தாயாரும் உடன் சென்றார். திமிர்பரணும் விஷ்ணுதாஸ் சிராலியும் இசைப் பொறுப்பை ஏற்றனர். 1931 மார்ச்சு 3-ஆம் நாள் பாரிஸின் சாம்ஸ்-எலிசே அரங்கில் குழு முதன்முதலாக மேடையேறியது. 1932-ன் இறுதியில் சால் ஹுராக் என்னும் பெரும் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் அவர்களை அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றார்.

ஆலிஸ் போனரைப் பற்றி இங்கே ஒரு சொல் கூறாமல் கடப்பது நன்றியன்று. அக்குழுவை நிறுவியதிலும் பேணியதிலும் அவருக்குச் சரிபாதிப் பங்கு உண்டு. தம் சொந்தப் பொருளைச் செலவிட்டார். ஒப்பந்தம், பயணம், வரவு செலவு ஆகியவற்றைக் கவனித்தார். அவரும் இத்தொழிலைக் கற்றவரல்லர்; உளியைக் கீழே வைத்துவிட்டுக் கணக்கேட்டை எடுத்தவர். 1935-ல் விலகி, காசியில் கங்கைக் கரையில் குடியேறி, இந்தியச் சிற்பக் கலை ஆராய்ச்சியில் ஈடுபட்டார். ஆடுவோரின் பெயரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. மேடைக்குப் பின்னே நின்றவரின் பெயரைக் கற்றவர் சிலரே அறிவர்.

இவ்வாறு குழு புகழின் உச்சியில் இருந்தது. ஆயினும் உதயசங்கரின் உள்ளத்தில் ஒரு கவலை குடிகொண்டது. எல்லாம் தம் ஒருவரைச் சுற்றியே சுழல்வதையும், தாம் ஓய்ந்தால் குழுவும் ஓயும் என்பதையும் அவர் உணர்ந்தார். பழைய குருகுல முறை நல்ல ஆடுநரை ஆக்கியது. நாட்டிய நாடகம் ஒன்றைக் கருவிலிருந்து வளர்த்து, ஐம்பது பேரை இணைத்து, ஒளியும் இசையும் உடையும் பொருந்த மேடையேற்றும் தலைவரை ஆக்கவில்லை. தமிழ்நாட்டில் இக்குறையை ஓரளவு நாடகக் குழுக்கள் தீர்த்து வைத்தன என்பதை ஈண்டு நினைவு கூரலாம். 1918-ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய பாலர் சபையில் சிறுவர்களாக வளர்ந்த டி. கே. எஸ். சகோதரர்கள், 1925-ல் தாமே ஒரு குழுவின் முதலாளிகளானார்கள். ஆனால் அது பிள்ளைப் பருவத்தையே விலையாகக் கொடுத்துப் பெற்ற பயிற்சி.

பொருள் வந்தது எதிர்பாராத திசையிலிருந்து. இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டத்தில் டார்ட்டிங்டன் என்னும் பழைய மாளிகை ஒன்றுண்டு. 1925-ல் அதனை வாங்கி, உழவு, கல்வி, கலை ஆகிய மூன்றையும் ஒருங்கே வளர்க்கும் இடமாக மாற்றியவர்கள் லெனார்டு எல்ம்ஹர்ஸ்டும் அவர் மனைவியார் டாரதியும். லெனார்டு இந்தியாவை நன்கறிந்தவர். 1922-ல் தாகூரின் ஸ்ரீநிகேதனத்தில் கிராமப் புத்தமைப்புப் பணியைத் தொடங்கி நடத்தியவர். டாரதி அமெரிக்கச் செல்வக் குடும்பத்து நங்கை. ஸ்ரீநிகேதனத்துக்கும் அவர் செல்வமே பாய்ந்தது. இட்லரின் செர்மனியிலிருந்து வெளியேறிய நடனப் பேராசிரியர் கர்ட் யூஸ், உருசிய நாடக ஆசிரியர் மைக்கேல் செக்காவ் ஆகியோர் தத்தம் பள்ளிகளோடு டார்ட்டிங்டனில் தங்க அத்தம்பதியர் இடமும் பொருளும் தந்திருந்தனர். 1936-ல் உதயசங்கரும் குழுவினரும் அங்கே சில மாதங்கள் தங்கினர். ஒரு பள்ளியும் ஒரு குழுவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அமைப்பை அவர் அங்கே கண்ணாரக் கண்டார். அத்தகைய கூடம் ஒன்று இந்தியாவில் வேண்டும் என்னும் அவா முற்றியது. எல்ம்ஹர்ஸ்டுத் தம்பதியரும், டாரதியின் மகளார் பியாட்ரிஸ் ஸ்ட்ரெயிட்டும் பொருளுதவ முன்வந்தனர். ஒரு நிகழ்ச்சிக்காகத் தரப்பட்ட கூலியன்று அது. ஆட்களைப் பயிற்றும் காலத்துக்காகத் தரப்பட்ட பொருள்.

1938-ல் குமாவூன் மலையில், அல்மோரா நகரை அடுத்த சிம்தோலாவில், உதயசங்கர் இந்தியப் பண்பாட்டு மையம் தோன்றியது. ஐக்கிய மாகாண அரசு நிலம் வழங்கியது. பைன் மரக் காடும், எதிரே பனி மலைத் தொடரும், நடுவே பலகைத் தரையிட்ட பயிற்சிக் கூடமும். ஆசிரியர்களைத் தேடியதில்தான் அவருடைய நுண்ணறிவு விளங்குகிறது. கதகளிக்குக் கேரளத்துச் சங்கரன் நம்பூதிரி வந்தார். மணிபுரி நடனத்துக்கு அமோபி சிங் வந்தார். இசைக்கு மைஹாரின் உஸ்தாத் அலாவுதீன் கான் வந்தார். பரதத்துக்குத் தஞ்சை நால்வர் மரபில் வந்தவரும், பாலசரஸ்வதி அம்மையாரை உருவாக்கியவருமான நட்டுவனார் கந்தப்பப் பிள்ளை வந்தார். காவிரிக் கரையின் தட்டுக்கழி இமயச் சாரலில் ஒலித்ததை எண்ணும்போது நம் உள்ளம் பூரிக்கின்றது. அக்காலத்தில் சென்னையிலிருந்து அல்மோரா செல்வதென்றால் இரயிலில் பல நாள் சென்று, காத்கோதாமில் இறங்கி, மலைப்பாதையில் நெடுந்தொலைவு ஏற வேண்டும். தயிர்சாதமும் வெந்நீரும் எப்படிக் கிடைத்தனவோ என்று நம் இல்லத்தரசியர் கேட்பது நம் காதில் விழுகிறது!

பயிற்சி முறையைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். ஐந்தாண்டுப் பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. அதனை வகுக்கும் பொறுப்பை, செர்மனியில் நடனம் பயின்று 1935-ல் குழுவில் சேர்ந்த சோரா அம்மையாரிடம் உதயசங்கர் ஒப்படைத்தார். காலையில் எல்லோருக்கும் பொது வகுப்பு. நடப்பது எப்படி, நிற்பது எப்படி என்பதிலிருந்து அது தொடங்கும். பின்னர் பரதம், கதகளி, மணிபுரி, இசை. இவற்றோடு, கொடுத்த ஒரு கருத்தை அப்போதைக்கப்போதே கற்பனை செய்து ஆடிக் காட்டும் வகுப்பு ஒன்றும் இருந்தது. பலரைக் கொண்டு ஒரு காட்சியை அமைத்துக் காட்டுதல், பிறர் அமைத்ததைக் கண்டு குறை நிறை கூறுதல், உடை தைத்தல், அணி செய்தல், ஒளியமைத்தல் ஆகியனவும் மாணவர் கடமைகள். ஆடத் தெரிந்தவனுக்கு ஊசி நூல் எதற்கு என்று எவரும் ஒதுங்க முடியாது. 1941-ல் மையம் நிகழ்த்திய இராமலீலை நிழல் நாடகம் இம்முறையின் கனி. வெள்ளைத் திரைக்குப் பின்னே ஆடுநரின் நிழல்கள் பெரிதும் சிறிதுமாகி இராமகாதையை நடத்த, மலைக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் நடந்து வந்து திறந்த வெளியில் அமர்ந்து கண்டனர். நிழல் நாடகத்தில் முகமும் புகழும் தெரியாது. யார் எங்கே எப்போது நிற்பது என்னும் ஒழுங்கே எல்லாம். தலைவர்களைப் பழக்க இதனினும் நல்ல பாடம் நமக்குத் தோன்றவில்லை.

மாணவர்களுள் நமக்கு அணுக்கமான ஒருவரைக் குறிப்பிட வேண்டும். டாட்டா இரும்பாலையின் ஜாம்ஷெட்பூரில் தென்னாட்டுக் குடும்பத்தில் 1926-ல் பிறந்த இலட்சுமி சாஸ்திரி, சென்னையில் கந்தப்பப் பிள்ளையிடம் பரதம் பயின்று, இளஞ்சிறுமியாக அல்மோராவுக்கு வந்தார். உதயசங்கரின் தம்பி இராசேந்திரரை மணந்தார். பின்னாளில் உடல்நலக் குறைவால் ஆடல் கைவிட்டுப் போக, இந்துஸ்தானி இசையில் புகழ் பெற்ற இலட்சுமி சங்கர் அவரே. இன்னொரு திருமணமும் அல்மோராவில் 1941-ல் நடந்தது. இளையவர் இரவிசங்கர் தம் குரு அலாவுதீன் கானின் மகளார் அன்னபூர்ணாவை மணந்தார். அடுத்த ஆண்டு உதயசங்கர் தம் மாணவி அமலாவை மணந்தார்.

வாழ்வு தளிர்த்த அந்நாளிலேயே கூடத்தின் வேர் ஆட்டங்கண்டது. 1939-ல் மூண்ட உலகப் போர் கடல் கடந்து வந்த பொருளுதவியை நலியச் செய்தது. 1942-ல் நாடெங்கும் விடுதலைக் கிளர்ச்சி பொங்கியது. பயணமும் நிகழ்ச்சியும் அரிதாயின. 1944-ல் கூடம் மூடப்பட்டது. போரையே முழுக் காரணமாகக் கூறுவாரும் உளர். நாம் அதனை முற்றும் ஏற்பதற்கில்லை. உதயசங்கர் எதிலும் சிறப்பையே விரும்பியவர். சிக்கனம் அவர் இயல்பன்று. ஒரே வள்ளலின் ஊற்றை நம்பி நின்ற கூடம் அது. வள்ளத்தோள் கேரளக் கலாமண்டலத்துக்காகக் குலுக்கல் சீட்டு நடத்தி ஊர் மக்களிடம் காசு திரட்டினாரே, அத்தகைய வேர் அல்மோராவில் மண்ணுக்குள் இறங்கவில்லை. நடனம் அமைப்போரையும், ஒளி அமைப்போரையும், ஆசிரியரையும் வளர்த்த கூடம், ஆலிஸ் போனர் விட்டுச் சென்ற நாற்காலியில் அமரத்தக்க ஒருவரை வளர்க்க மறந்ததோ என்று நாம் ஐயுறுகிறோம். அவருடைய கலையில் நமக்குள்ள பெருமதிப்பு இதனைக் கூறுவதால் குறையாது.

கூடம் மூடிய பின் அவர் செய்தது வியப்பானது. தம் கனவையே திரைப்படமாக்கினார். சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவாகி 1948-ல் வெளிவந்த கல்பனாவில், கலைக்கூடம் அமைக்க விழையும் கலைஞன் ஒருவனாக அவரே நடித்தார். அமலா உடன் ஆடினார். அப்போது சிறுமியாக இருந்த பத்மினியும் அப்படத்தில் ஆடினார். கலைக்கூடத்துக்காகச் செல்வர்களையும் அரசர்களையும் விழாவுக்கு அழைத்து, அவர்கள் கையை எதிர்பார்த்து நிற்கும் காட்சிகளும் அதில் உண்டு. நன்கொடைப் புத்தகத்தோடு படியேறிய எவரும் அக்காட்சிகளைச் சிரிக்காமலும் பெருமூச்செறியாமலும் காண இயலாது. படம் பொருள் ஈட்டவில்லை. அவருடைய கைப்பொருளும் கரைந்தது.

இனி அல்மோராவிலிருந்து சென்றவர்கள் என்ன ஆனார்கள் என்று காண்போம். சாந்தி பர்தன் பம்பாய் சென்று மக்கள் நாடக மன்றத்தின் நடனக் குழுவை அமைத்தார். 1952-ல் லிட்டில் பாலே குழுவைத் தோற்றுவித்தார். மனிதரே மரப்பாவைகளைப் போல் அசைந்தாடும் இராமாயணத்தை அமைத்தார். காசநோய் அவரை 1954-ல் கொண்டு போயிற்று. ஆனால் குழு மடியவில்லை. மனைவியார் குல் பர்தன் அதனைக் கட்டிக் காத்து, குவாலியருக்கும் பின்னர் போபாலுக்கும் கொண்டு சென்று, 2010-ல் தாம் மறையும் வரை நடத்தினார். சச்சின் சங்கர் பம்பாயில் தம் பெயரால் ஒரு குழுவை நிறுவினார். சோரா அம்மையார் பிருத்வி நாடகக் குழுவில் பதினான்கு ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று நடித்தார். இறுதிக் காலம் வரை மேடையை விடாது, 2014-ல் தம் 102-ஆம் வயதில் மறைந்தார். இளைஞர் குருதத் நடன அமைப்பாளராகப் புனேயின் பிரபாத் படநிறுவனத்தில் நுழைந்து, திரைப்பட இயக்குநராய் உயர்ந்ததை நாடறியும்.

தில்லியில் வாழ்வோர்க்கு வேறு இரண்டு பெயர்கள் நெருக்கமானவை. அல்மோராவின் மாணவர் நரேந்திர சர்மா, 1957-ல் பாரதிய கலா கேந்திரத்தின் இராமலீலை நாட்டிய நாடகத்தை அமைத்தார். ஆண்டுதோறும் நவராத்திரிக் காலத்தில் குழந்தைகளை அழைத்துக் கொண்டு நாம் காணச் செல்லும் அவ்விராமலீலைக்கு முதல் வடிவம் தந்தவர் அவரே. பள்ளி மாணவர்களுக்குப் பல்லாண்டு நடனம் கற்பித்த அவர், 1972-ல் பூமிகா என்னும் குழுவையும் தொடங்கினார். மற்றொருவர் சுந்தரி ஸ்ரீதராணி அம்மையார். அவரும் அல்மோராவிற் பயின்றவரே. 1950-ல் கனாட் பிளேசில் ஒரு காப்பிக் கடையின் மாடி அறையில், இரண்டே மாணவர்களோடு திரிவேணி கலா சங்கத்தை அவர் தொடங்கினார். வாத்தியக்காரருக்குச் சம்பளம் கொடுப்பதே பாடாக இருந்த காலம் அது. நிகழ்ச்சிகள் நடத்திப் பணம் சேர்த்தார். அரசிடம் நிலம் பெற்றார். கட்டடக் கலைஞர் ஸ்டீனைக் கொண்டு தான்சேன் சாலையில் 1963-ல் அழகிய கட்டடம் எழுப்பினார். கலைக்கூடம், திறந்தவெளி அரங்கு, ஓவியக் காட்சிச்சாலை என அது விரிந்தது. 2012-ல் அவர் மறையும் வரை அதன் ஒவ்வொரு செங்கல்லும் அவர் கண்காணிப்பில் இருந்தது. குருநாதருக்கு வாய்க்காத வரவு செலவுத் திறமை சீடருக்கு வாய்த்தது என்று கூறினால் பிழையாகாது. நான்கைந்து ஆண்டுகள் டெவனிலிருந்து வந்த பொருள், எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் தில்லியிலும் போபாலிலும் திரை உயர்த்திக் கொண்டிருக்கிறது என்பதை அந்நாளைக் கணக்கேடு எதில் பதிந்திருக்க முடியும்?

உதயசங்கரின் பிற்காலத்தை விரைவாகவே கூறிவிடலாம். கல்கத்தாவில் குடியேறினார். 1955-ல் தோன்றிய மேற்கு வங்க நடன, நாடக, இசைக் கழகத்தின் நடனத் துறைக்குத் தலைமை தாங்கினார். தாகூர் நூற்றாண்டாகிய 1961-ல் சாமான்ய க்ஷதி என்னும் நாட்டிய நாடகத்தை மேடையேற்றினார். 1965-ல் கல்கத்தாவில் மீண்டும் ஒரு பண்பாட்டு மையம் தோன்றியது. அதனை நடத்தும் பாரத்தை அமலா அம்மையார் ஏற்றுக்கொண்டார். மேடையையும் திரைப்படத்தையும் இணைத்துச் சங்கர்ஸ்கோப் என்னும் புதுமையை எழுபதாம் வயதில் செய்து பார்த்தார் என்றால் அவருடைய ஊக்கத்தை என்னென்பது! 1971-ல் பத்ம விபூஷண் விருது வந்தது. 1977 செப்டம்பர் 26-ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார்.

பொருள் இழந்து பெட்டியில் முடங்கிய கல்பனா படச்சுருளைப் பிற்காலத்தில் உலகத் திரைப்பட அறக்கட்டளை ஒன்று செப்பனிட்டுப் புதுப்பித்தது. 2012-ல் பிரான்சு நாட்டுக் கேன் திரைப்பட விழாவில் அது மீண்டும் திரையிடப்பட்டது. தொண்ணூறு வயது கடந்த அமலா அம்மையார் நேரிற் சென்று, தாம் இளமையில் ஆடிய நடனத்தையும், இமயத்தின் அடியில் எழும்பும் அந்தக் கற்பனைக் கலைக்கூடத்தையும், அரங்கில் அமர்ந்து கண்டார்.